டெலிகேட் ஆர்ச்: இலையுதிர்காலத்தில் ஏறப் போகிறவர்களுக்கு

அக்டோபரில் யூட்டா பக்கம் போகிறோம், டெலிகேட் ஆர்ச் பார்க்கலாமா என்று கேட்பவர்களிடம் கட்டாயம் போங்கள் என்றுதான் சொல்வேன். மோவாப் ஊரை அடுத்த ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் கோடை வெயில் தணிந்து, பனி இன்னும் விழத் தொடங்காத சில வாரங்கள் அவை. பகலில் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய இதமான வெப்பம், பொழுது சாய்ந்ததும் சட்டென்று ஏறும் குளிர், பாதை தொடங்கும் இடத்தில் ஓடையோரம் மஞ்சளாகி நிற்கும் காட்டன்வுட் மரங்கள். போக வர 4.8 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 146 மீட்டர்.

ஏறும்போது டெலிகேட் ஆர்ச் என்னும் அந்தப் பாறை வளைவு கண்ணில் படாது. கடைசித் திருப்பம் வரை பாறைச் சுவர் அதை மறைத்தே வைத்திருக்கும். அதனால் ஏறுகிறவர்களின் கண்ணெல்லாம் மேலேயே இருக்கிறது. கீழே, கால் வைக்கும் இடத்தையும் பாருங்கள் என்பதற்காகவே இந்தக் குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• கிளம்புமுன் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். நுழைய முன்பதிவு வேண்டுமா, மழை எச்சரிக்கை உண்டா என்று அங்கேதான் உறுதியாகத் தெரியும்.

• ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர். நுழைவாயிலருகே உள்ள பார்வையாளர் மையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாதை தொடங்கும் வுல்ஃப் ராஞ்ச் அங்கிருந்து 21 கிலோமீட்டர் உள்ளே. அங்கே குடிநீர் கிடையாது, வழியில் நிழலும் கிடையாது. குளிர்காற்றில் தாகம் தெரியாது. பாலைக் காற்று மட்டும் உடம்பின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

• நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பாதையின் நடுவில் அகலமான மொட்டைப் பாறை ஒன்று சாய்வாகக் கிடக்கிறது. ஸ்லிக்ராக் என்பார்கள். பெயர்தான் வழுக்குப் பாறை. உலர்ந்திருக்கும்போது ரப்பர் அடிக்கு அதைப்போல் பிடிகொடுக்கும் தரை வேறில்லை. வழுக்குவது அதன்மேல் தூவிக் கிடக்கும் மணல். என் அப்பா ஏறும்போது எனக்கு முன்னால் போனார். இறங்கும்போது ஒரு சரிவில் செருப்பு மணலில் உருள, அப்படியே உட்கார்ந்துவிட்டார். மிச்சச் சரிவை உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினோம். அவரைச் செருப்போடு கூட்டிப் போனது என் தவறு.

• மொட்டைப் பாறையில் பாதையின் தடம் இருக்காது. கல்மேல் கல்லாக அடுக்கி வழி காட்டியிருப்பார்கள். ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்கைக் கண்ணால் பிடித்த பிறகே நகருங்கள். கடைசி 200 கெஜம் பாறையை ஒட்டிய விளிம்புப் பாதை. குழந்தைகளைச் சுவர்ப் பக்கமாக நடக்க வையுங்கள்.

• தொடக்கத்தில் உள்ள மரக் குடிசையின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலில் பட்ட காயம் ஆறாமல் நோகவே, வறண்ட காற்றைத் தேடி ஒஹையோவிலிருந்து வந்த ஜான் வெஸ்லி வுல்ஃப் இங்கே மகனோடு குடியேறினார். மகள் ஃப்ளோரா வந்து சேர்ந்தபோது, 1906-இல், கட்டியது இந்தக் குடிசை. 1910-இல் ஊர் திரும்பிவிட்டார். சற்றுத் தள்ளி ஒரு பாறை முகத்தில் யூட் பழங்குடியினர் குதிரை வீரர்களையும் காட்டு ஆடுகளையும் செதுக்கியிருக்கிறார்கள். குதிரை இந்த நிலத்துக்கு வந்த பிறகான காலம், ஏறத்தாழ 1650-க்கும் 1850-க்கும் இடைப்பட்டது. விரலால் தொடாதீர்கள், கையின் எண்ணெய்ப் பசை அதைக் கெடுக்கும்.

• முழங்கால் வலியுள்ள பெரியவர்களை ஏறச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். சாலை வழியாகவே போகக்கூடிய காட்சிமுனை ஒன்று உண்டு. காரிலிருந்து இறங்கி நூறு கெஜம் சமதளத்தில் நடந்தால் வளைவு தொலைவில் தெரியும். சக்கர நாற்காலியும் போகும்.

செய்யக்கூடாதவை

• பாதையை விட்டு மண்ணில் இறங்காதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பாதையோரத்தில் கறுத்து, சின்னச் சின்ன மேடுகளாகப் பொருமிக் கிடக்கும் மண்ணைப் பார்ப்பீர்கள். காய்ந்த சேறு என்று தோன்றும். அது உயிருள்ள மேலோடு. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிரிகள் இழை இழையாகப் பின்னி மணலைக் கட்டிப்பிடித்திருக்கின்றன. கூடவே லைக்கனும் பாசியும். காற்று மண்ணை வாரிப்போகாமல் காப்பதும், மழைநீரைப் பிடித்துவைப்பதும், காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துச் செடிகளுக்குத் தருவதும் இந்த ஓடுதான். ஒரு மிதி போதும், நொறுங்கிவிடும். மறுபடி உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். செல்ஃபிக்காக நாலு அடி தள்ளி நின்றவரின் கால்தடம் அவருடைய பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கே இருக்கலாம். எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டுமா, வெறும் பாறைமேல் ஒதுங்குங்கள். முடியாவிட்டால் நின்றுகொள்ளுங்கள்.

• பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரில் கை கால் கழுவாதீர்கள். அந்தச் சிறு குட்டைகளில் இறால் இனத்துக் குட்டி உயிர்கள் வாழ்கின்றன. நீர் வற்றினால் அவற்றின் முட்டைகள் புழுதியோடு கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். உங்கள் தோலில் பூசிய சன்ஸ்கிரீன் அவற்றுக்கு நஞ்சு. வற்றிய குழியையும் மிதிக்காமல் தாண்டுங்கள்.

• பெயர் செதுக்காதீர்கள், வளைவில் ஏறாதீர்கள். கல்தானே என்று தோன்றும். அடியில் ஆழத்தில் கிடக்கும் பழங்கடலின் உப்புப் படுகை, மேலுள்ள பாறைகளின் பாரம் தாங்காமல் மெல்ல நகர்ந்து மேலெழும்ப, மணற்பாறை விரிசல் விட்டுச் சுவர் சுவராகப் பிரிந்தது. நீர் அரித்தும், விரிசலில் உறைந்து விரிந்தும் அந்தச் சுவர்களில் துளைகள் விழுந்தன. அப்படி மிஞ்சியவைதான் பூங்காவின் 2,000-க்கும் மேற்பட்ட வளைவுகள். இந்த வேலை இன்னும் ஓயவில்லை. 1991-இல் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சின் அடிப்பகுதியிலிருந்து பெரிய பலகைபோல் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அதன்கீழ்ப் பாதையை மூடிவிட்டார்கள். 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் ஓர் இரவில் முழுதாகச் சரிந்தது. டெலிகேட் ஆர்ச்சின் திறப்பு 14 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலம். அதைத் தாங்கும் ஒரு காலோ நடுவில் இடைபோல் மெலிந்திருக்கிறது. 2006-இல் ஒருவர் அதன்மேல் ஏறிய பிறகு, பெயரிட்ட வளைவு எதிலும் ஏறக்கூடாது என்று விதியையே தெளிவாக்கினார்கள்.

• விளையாட்டுக்காகக் கல் அடுக்காதீர்கள். பின்னால் வருபவர் வழிகாட்டி என்று நம்பிப் போவார்.

• நாய், டிரோன் இரண்டுக்கும் அனுமதி இல்லை.

• கட்டிக்கொண்டு போன புளியோதரையில் ஒரு பருக்கைகூட அணிலுக்கோ காக்கைக்கோ வைக்காதீர்கள். நம் வழக்கத்தில் அது புண்ணியம். இங்கே அது அவற்றின் இரை தேடும் பழக்கத்தைக் கெடுக்கும். ஆரஞ்சுத் தோலும் உங்கள் பையிலேயே திரும்பட்டும்.

• மாலை வேளையில் வளைவின் அடியிலேயே நின்றுகொண்டிருக்காதீர்கள். எதிரே பாறை மேடையில் எத்தனையோ பேர் அந்த ஒரு காட்சிக்காக உட்கார்ந்திருப்பார்கள். படம் எடுத்ததும் நகர்ந்து இடம் விடுங்கள். அருகில் கிண்ணம்போல் வழித்தெடுத்த சரிவு ஒன்று இருக்கிறது. கேமராவைப் பார்த்தபடி பின்னால் நகர்வது அங்கே ஆபத்து.

• சூரியன் மறைந்த கையோடு கூட்டத்தோடு கிளம்பிவிடாதீர்கள். ஆட்கள் இறங்கிப் போன பிறகும் பாறையின் சிவப்பு சற்று நேரம் தங்கியிருக்கும். வளைவுக்குப் பின்னால் லா சால் மலைகள் நீலம் பூத்து நிற்கும். பிந்திய இலையுதிர்காலமென்றால் உச்சியில் புதுப்பனியும் இருக்கும். ஒரு கம்பளிச் சட்டையும் தலைவிளக்கும் இருந்தால் அதைப் பார்த்துவிட்டு, வெளிச்சத்தைக் காலடியில் வைத்து ஒவ்வொரு கல்லடுக்காகத் தேடி நிதானமாக இறங்கலாம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன் பிறகு மாலை ஐந்தரைக்குள் சூரியன் போய்விடும். தலைவிளக்கு கொண்டுவராதவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடுங்கள்.