லீவர் ரைஃபிளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் நம்ம கே.ஓ.எம். பேப்பர்

"டாகிள் பொசிஷன் என்றால் என்ன?" ரெண்டு மார்க் கேள்வி. ரெண்டு லிங்க் ஒரே நேர்கோட்டில் வரும் நிலை என்று நீங்களும் எழுதியிருப்பீர்கள், நானும் எழுதினேன். மார்க் வந்தது, மேட்டர் புரியவில்லை. எனக்குப் புரிந்தது ஃபைனல் இயரில், ஒரு பழைய அமெரிக்கத் துப்பாக்கியின் அனிமேஷனை ஸ்லோ மோஷனில் பார்த்தபோதுதான். அதன் பெயர் வின்செஸ்டர் 1873.

முன்னாடியே சொல்லிடறேன், நான் இதுவரை ஒரு நிஜத் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. நம்ம நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கவும் முடியாது. ஆனால் அமெரிக்காவில் லீவர் ரைஃபிளுக்கு நம்ம ஊர் புல்லட் பைக் மாதிரி ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. "எது பெஸ்ட்? அதில் என்ன மாத்துவ?" என்று ஆரம்பித்தால் விடிய விடிய பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கவனித்தால் நம்ம சிலபஸ் பாதி அதுக்குள்ள ஓடுது.

டெர்மினேட்டர் 2 படத்தில் ஆர்னால்ட் பைக்கில் போய்க்கொண்டே ஒரு துப்பாக்கியைச் சுழற்றுவாரே, அந்த வகைதான் இது (அது ஷாட்கன், ஆனால் லீவர் ஐடியா ஒன்றுதான்). ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தை முன்னால் தள்ளினால் போல்ட் பின்னால் போகும், காலித் தோட்டா வெளியே விழும், ஹாமர் பின்னால் மடங்கும். திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய்க் கதவு மூடும். பெஞ்சமின் டைலர் ஹென்றி இந்த வடிவத்துக்கு 1860ல் பேட்டன்ட் வாங்கினார். அவருடைய முதலாளி ஆலிவர் வின்செஸ்டர், அதுக்கு முன்னாடி சட்டை தைத்து விற்றவர்!

இப்ப மெக்கானிசத்துக்கு வருவோம். 1873ல் போல்ட்டுக்குப் பின்னால் ரெண்டு லிங்க். ஒன்று போல்ட்டோடும், இன்னொன்று ரிசீவரோடும், ரெண்டும் நடுவில் ஒன்றோடொன்றும் பின் போட்டு இணைந்திருக்கும். நம்ம முழங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். லீவரைத் தள்ளினால் முழங்கால் மடங்குகிறது, போல்ட் பின்னால் வருகிறது. இழுத்து மூடினால் கால் நேராகிறது. மூன்று பின்னும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் போல்ட்டை முன்னாலிருந்து எவ்வளவு தள்ளினாலும் கால் மடங்காது, விசை நேராக ரிசீவருக்குப் போய்விடும். இதுதான் பூட்டு. தனியாகத் தாழ்ப்பாள் எதுவும் கிடையாது.

கணக்கு போட்டுப் பாருங்க. முழங்காலில் நாம் கொடுக்கும் விசையை, கோணத்தின் டேன் மதிப்பைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் போல்ட்டில் வரும் விசை கிடைக்கும். 30 டிகிரியில் அது கொடுத்ததைவிடக் கொஞ்சம் குறைவு. 5 டிகிரியில் 5.7 மடங்கு. 1 டிகிரியில் கிட்டத்தட்ட 29 மடங்கு. அதனால்தான் இந்த ரைஃபிள் மூடும் கடைசி நொடியில் வெண்ணெய் மாதிரி மூடுகிறது என்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இதில் தோட்டாவைத் தூக்கும் கட்டை லிஃப்ட் மாதிரி நேராக மேலே வரும். தோட்டா சாயாமல் நேர்கோட்டில் பேரலுக்குள் போகிறது.

அப்படின்னா எல்லாத்தையும் இப்படியே செய்திருக்கலாமே? இங்கதான் பிரச்சினை. .45 கோல்ட் தோட்டாவின் அழுத்த வரம்பு 14,000 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 96 மெகாபாஸ்கல். அடிப்பகுதி விட்டம் 12.2 மில்லிமீட்டர். பெருக்கினால் போல்ட்டில் அதிகபட்சம் 11 கிலோநியூட்டன், ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். அதே கணக்கை .30-30 தோட்டாவுக்குப் போடுங்கள். 42,000 பி.எஸ்.ஐ., விட்டம் 10.7 மில்லிமீட்டர். 26 கிலோநியூட்டன் வருகிறது. இரண்டரை டன்னுக்கு மேல், அதுவும் மெல்லிய லிங்க்குகள், சின்னச் சின்ன பின்கள் வழியாக. தோட்டா நீளமும் 40 மில்லிமீட்டரிலிருந்து 65க்குப் போகிறது. போல்ட் அவ்வளவு தூரம் பின்னால் வர வேண்டுமானால் லிங்க்கும் நீள வேண்டும், ரிசீவரும் நீள வேண்டும். வின்செஸ்டர் 1876ல் அதைத்தான் செய்தது. துப்பாக்கி குண்டானதுதான் மிச்சம், ராணுவத்தின் .45-70 தோட்டா அப்பவும் உள்ளே போகவில்லை.

அதைத் தீர்த்தவர் ஜான் பிரவுனிங். 1886 மாடலில் டாகிளைத் தூக்கிப் போட்டுவிட்டு, போல்ட்டின் இரண்டு பக்கமும் செங்குத்தாக மேலேறும் இரண்டு இரும்புக் கட்டைகளை வைத்தார். லிங்க்கின் வேலை இப்போது நகர்த்துவது மட்டும், சுமையைத் தாங்குவது கட்டை. அதையே சின்னதாக்கியது 1892. பிறகு 1894. அது 70 லட்சத்துக்கும் மேல் விற்றது.

சரி, ரசிகர்களின் கனவுத் துப்பாக்கி எது? மான் வேட்டைக்காரரைக் கேட்டால் 1894 அல்லது மார்லின் 336 என்பார். 1948ல் வந்த மார்லினில் காலித் தோட்டா பக்கவாட்டில் விழும், மேல்பக்கம் மூடியிருக்கும், அதனால் டெலஸ்கோப்பை நேராக மேலே பொருத்தலாம். பழைய 94ல் தோட்டா மேலே எகிறும், ஸ்கோப் வைத்தால் அதிலேயே மோதும். போட்டிக்காரரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 1873 என்பார். 'கவ்பாய் ஆக்‌ஷன்' என்று கவ்பாய் வேஷம் போட்டுக்கொண்டு நேரக் கணக்கில் சுடும் போட்டி அங்கே நடக்கிறது. அதில் லேசான தோட்டாதான், பலம் தேவையில்லை, வேகம்தான் எல்லாம்.

அவர்கள் செய்யும் முக்கியமான மாற்றத்துக்கு 'ஷார்ட் ஸ்ட்ரோக் கிட்' என்று பெயர். லிங்க்கின் பின் இடங்களை மாற்றிச் செய்த புது லிங்க்குகளைப் போடுவார்கள். லீவர் குறைந்த கோணம் சுழன்றாலே போல்ட் முழுசாகத் திறந்துவிடும். சூப்பர்தான், ஆனால் தோட்டா நீளம் மாறவில்லை, போல்ட் போக வேண்டிய 40 மில்லிமீட்டரும் மாறவில்லை. செய்யும் வேலை அதே. லீவர் பயணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் கை கொடுக்க வேண்டிய விசை சராசரியாக ஒன்றரை மடங்கு. அதைச் சமாளிக்க ஸ்பிரிங்கையெல்லாம் மெலிதாக்குவார்கள். ஹாமர் ஸ்பிரிங் ரொம்ப மெலிந்தால் அடி பத்தாமல் தோட்டா வெடிக்காது. வேகத்துக்காகச் செய்தது நேரத்தைத் தின்னும்.

பெரிய வளைய லீவர் 1939ல் வந்த ஸ்டேஜ்கோச் படத்தில் ஜான் வெய்ன் சுழற்றியதால் பிரபலம். (கதை நடப்பது 1880 வாக்கில், கையில் இருப்பது 1892 மாடல். நம்ம ஆளுங்க மட்டும்தான் லாஜிக் மிஸ் பண்ணுவாங்கன்னு நினைக்காதீங்க.) கையுறை போடுகிறவர்களுக்கு அது உபயோகம், மற்றவர்களுக்கு ஸ்டைல். இப்போது பிளாஸ்டிக் ஸ்டாக், ரெயில், டார்ச் என்று மாட்டுகிற ஃபேஷனும் வந்திருக்கிறது. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. அம்பாசடர் காருக்கு ஸ்பாய்லர் வைத்த மாதிரி இருக்கு.

செய்கிற காசுக்குப் பலன் தரும் மாற்றம் என்று நான் சொல்வது சைட்தான். பேரல் மேலிருக்கும் பின்சைட்டைக் கழற்றிவிட்டு, ரிசீவரின் பின்பக்கம் சின்ன ஓட்டை உள்ள பீப் சைட் வைப்பார்கள். முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி 500 மில்லிமீட்டர் என்று வையுங்கள். குறி 1 மில்லிமீட்டர் தப்பினால் 50 மீட்டரில் 100 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். இடைவெளி 650 ஆனால் அது 77தான். கூடவே பின்ஹோல் கேமரா மாதிரி அந்த ஓட்டை கண்ணுக்கு எல்லாத்தையும் தெளிவாக்குகிறது. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை.

மாற்றவே முடியாத ஒன்று பேரலுக்குக் கீழே இருக்கும் குழாய் மேகசின். தோட்டாக்கள் வரிசையாக நிற்கும், ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரை ஒட்டி. கூரான குண்டு வைத்தால், சுடும் அதிர்ச்சியில் மூக்கு குத்தி உள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் தட்டை மூக்குக் குண்டுகள். பிரவுனிங் 1895 மாடலில் பெட்டி மேகசினுக்குப் போனார், அதில் இந்தச் சிக்கல் இல்லை.

டாகிளை நம்பாதவர்கள் கேலண்டர் அட்டையில் இரண்டு பட்டை வெட்டுங்கள், தலா 10 சென்டிமீட்டர், மூன்று குண்டூசி. ஒரு முனையைத் தெர்மாகோலில் குத்தி, மறுமுனையில் ஒரு அழிரப்பரை வைத்து, நடு மூட்டை விரலால் அழுத்துங்கள். கிட்டத்தட்ட நேராகும்போது ரப்பர் நசுங்குவது தெரியும். என்னுடைய முதல் மாடலில் ஊசி ஓட்டை லூசாகி, நேராகும் முன்பே ஆட ஆரம்பித்துவிட்டது. ஓட்டையைச் சுற்றி செலோடேப் ஒட்டிக்கொள்ளுங்கள், அப்புறம் நிற்கும்.