விருத்தாசலம் பக்கம் வண்டியில் வருகிறவர்களுக்கு

புதிதாகக் கார் வாங்கிய பிள்ளைகள் சென்னையிலிருந்து திருச்சிக்குப் பறக்கும்போது உளுந்தூர்பேட்டையில் காபி குடித்துவிட்டு நேரே போய்விடுகிறார்கள். அங்கே பிரிந்தால் அரைமணி நேரத்தில் எங்கள் ஊர். இந்தப் பக்கம் முதல்முறை வருகிற தம்பி தங்கைகள் கேட்டதற்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும். பத்து இடம் குறித்துக்கொண்டு வருகிறவன் பத்து வாகன நிறுத்தத்தைத்தான் பார்க்கிறான். பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை கோயில் நடை சாத்தியிருக்கும். வெயிலும் ஆளை உரித்துவிடும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் பீங்கான் பட்டறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயிலில் ஐந்து ஐந்தாக எண்ணிக்கொண்டே போங்கள். கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து என்று கணக்கு நீளும். குழந்தைகளைக் கூட்டிவந்தால் இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. ஆழத்துப் பிள்ளையாரைத் தரைக்குக் கீழே படியிறங்கித்தான் பார்க்க வேண்டும். முருகன் வைத்ததாகச் சொல்லும் ஆகம லிங்கங்கள் 28. தலமரம் வன்னி. கோயில் கட்டிய ஆட்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலையைத்தான் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் பார்த்த வேலைக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியதாம். மேஸ்திரி ஏமாற்ற முடியாத ஒரே கூலி முறை.

சுந்தரர் இங்கே பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆற்றைப் பார்க்கப் போனால் ஆண்டில் பாதி நாள் மணல்தான். ஏமாந்துபோக வேண்டாம் என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன். எங்கள் ஊர் காசியைவிட வீசம் கூடுதல் என்பார்கள். அந்த வீசத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

3. ஊரை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. நேரம் குறைவு என்றால் மற்றதை விடுங்கள், இதை விடாதீர்கள். உருவமில்லாமல் பலிபீட வடிவில் இருக்கிற முருகன் அவர். ஜனங்கள் அவரிடம் வேண்டுவதில்லை, வழக்குத் தொடுக்கிறார்கள். ஒரு தாளில் இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார் என்று தொடங்கி, கைமாற்று வாங்கியவன் திருப்பித் தரவில்லை, மாடு களவு போய்விட்டது, புருஷன் குடியை விடவில்லை என்று குறையை எழுதுகிறார்கள். அதற்குப் பெயர் பிராது. சாமி பாதத்தில் வைத்து எடுத்து, அதே கோயிலில் இருக்கிற முனியப்பர் முன்னால் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். கட்டணத்துக்கு ரசீது உண்டு. உங்கள் ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்ப படிப்பணமும் உண்டு. விசாரணைக்கு முனியப்பர் அவ்வளவு தூரம் போய்வர வேண்டாமா? தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு என்பது நம்பிக்கை. காரியம் முடிந்தால் திரும்ப வந்து பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். வழக்கைத் திறந்தே போட்டுவைத்தால் சாமிக்கு ஆகாது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் காக்கர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு விவசாயி 1953-ல் சுற்றத் தொடங்கிய கயிற்று உருண்டையைப் பார்க்க இன்றும் கார் கட்டிக்கொண்டு போகிறார்கள். போகிறவர்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கயிறு சுற்றிவிட்டும் வரலாமாம். கொளஞ்சியப்பர் வாசலில் தொங்குகிற காகிதக் கொத்தும் அப்படி வந்தவர் கையெல்லாம் சேர்ந்து வளர்ந்ததுதான். ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு வீட்டு ரகசியம் இருக்கிறது. அதனால் கட்டியிருக்கிற பிராதைப் பிரித்துப் படிக்காதீர்கள், கிட்டே போய்ப் படமும் எடுக்காதீர்கள். உங்களுக்கு உண்மையான குறை இருந்தால் எழுதுங்கள். வேடிக்கைக்கு எழுதாதீர்கள்.

4. பீங்கான் பட்டறைக்குப் போனால் முதலில் கடைப் பக்கம் போகாதீர்கள். பின்பக்கம் அச்சு ஊற்றுகிற இடத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள். இந்தத் தொழில் இங்கே ஊன்றியதற்குக் காரணம் பக்கத்து நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண் அங்கே தோண்டும்போது வருகிறது. செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தருகிற அரசு நிறுவனமும் ஊரிலேயே உண்டு.

களிமண்ணைத் தண்ணீர்விட்டுக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அச்சின் சுவரை ஒட்டிக் களிமண் ஏடு பிடிக்கும். போதிய கனம் வந்ததும் மிச்சக் கூழை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். அதனால்தான் பிள்ளையார் பொம்மை உள்ளே பொள்ளலாக இருக்கிறது. அச்சைப் பிரித்ததும் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் ஒரு வரப்பு தெரியும். உட்கார்ந்திருக்கிற அம்மா அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவார். கண்ணிமைக்கும் நேரத்தில் தும்பிக்கை வழவழப்பாகிவிடும். பிறகு உலர்த்தல், சூளை, வண்ணம், கிளேஸ், மறுபடி சூளை. சூளைக்குப் போகாத பொம்மையைத் தொடாதீர்கள். விரல் பட்டாலே காது பெயர்ந்து வந்துவிடும். கிளேஸ் போடாததையும் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டாது.

வாங்கும்போது சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் எடுங்கள், மொத்தென்றால் எங்கோ கீறல் இருக்கிறது, வைத்துவிடுங்கள். மண் அகல் எண்ணெய் குடிக்கும், கிளேஸ் போட்ட அகல் குடிக்காது; கார்த்திகைக்கு அதுவே சிக்கனம். நவராத்திரிக்கு முன்னும் கார்த்திகைக்கு முன்னும் பட்டறையில் பேசவும் ஆளிருக்காது. அந்த நாட்களில் எட்டி நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பொம்மை பிடிக்கவில்லை என்றால் பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிறார்களா என்று விசாரியுங்கள். அதைப் பார்க்க யாரும் வருவதில்லை, எனக்கு அதுதான் அழகு. விலையை அடித்துப் பேசாதீர்கள். உங்கள் ஒரு வேளை டிபன் காசுக்கு மேல் அங்கே எதுவும் அதிகமில்லை.

5. கடலூர்ச் சாலையில் போனால் மந்தாரக்குப்பம் பக்கம் குன்றுகள் தெரியும். மலையில்லாத ஊரில் மலை ஏது என்று குழந்தைகள் கேட்கும். எல்லாம் நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுகள். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்கி, 1956-ல் சுரங்க நிறுவனம் உருவானது வரை ஊர்க்காரர்கள் கதை சொல்வார்கள். நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் போனவர்களும் இந்தச் சாலையோரம்தான் இருக்கிறார்கள். அவர்கள் கதையையும் கேளுங்கள். தூரத்தில் தெரிகிற ராட்சத சக்கர இயந்திரத்துக்காகச் சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள், லாரிகள் நிற்காது.

6. வடலூரில் நிற்கும்போது பசியோடு நில்லுங்கள். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிற தருமசாலை அது. யார், என்ன சாதி என்று கேட்காமல் சோறு போடுவார்கள். நாம் காசு உள்ளவர்களாயிற்றே என்று கூச்சப்பட்டு வாசலோடு திரும்புகிறார்கள் பலர், அது வேண்டாம். வரிசையில் உட்காருங்கள், இலையில் மிச்சம் வைக்காதீர்கள், முடிந்ததை உண்டியலில் போடுங்கள். எட்டு மூலையாகக் கட்டிய சத்திய ஞான சபைக்குள் புலால் தவிர்த்தவர்களுக்கே அனுமதி என்று எழுதிவைத்திருப்பார்கள். காலையில் முட்டை சாப்பிட்டிருந்தால் வெளியில் நின்றே கும்பிடுங்கள், பொய் சொல்லி நுழையாதீர்கள். தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கி ஜோதி காட்டுவார்கள். அன்றைக்குக் காரில் வருவது வீண், ரயில் ஏறுங்கள்.

7. பண்ருட்டிப் பலா கோடையில். முழுப் பழம் வாங்கி டிக்கியில் வைத்தால் ஒரு மாதம் வண்டி மணக்கும். சுளையாக வாங்குங்கள். பச்சை முந்திரிக்கொட்டையைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், தோலெண்ணெய் புண்ணாக்கிவிடும்.

8. தெற்கே இறங்கினால் வீராணம். சோழர் காலத்து ஏரி, கரைமேலேயே சாலை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பக்கம் கடல்போல் தண்ணீர், மறுபக்கம் வயல். இந்த ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகச் செய்த ராட்சதக் குழாய்கள் பல வருஷம் சாலையோரம் சும்மா கிடந்தன. அதில் குடித்தனம் நடத்தியவர்களும் உண்டு, மழைக்கு ஒதுங்கியவர்களும் உண்டு. 2004-ல் புதிய திட்டத்தில் தண்ணீர் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. உங்கள் அப்பா, தாத்தாவிடம் கேளுங்கள், வீராணம் குழாய் என்றதும் முகம் மலரும்.

வழியில் ஸ்ரீமுஷ்ணம். பூவராக சுவாமி மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போகும்போது தர்காவில் முஸ்லிம்கள் வரவேற்பு கொடுப்பார்கள். அந்த ஊர்வலத்தை ஒருமுறையாவது பாருங்கள்.

9. இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போங்கள். சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது, நீளம் 18 மீட்டர். கடல் இருந்த இடம் அது. அடித்துவந்த மரம் சேற்றில் புதைந்துபோனது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டெடுத்தார். வழியில் கல்மரம் என்று கேளுங்கள், ஆடு மேய்க்கிற பையன்கூடக் கை காட்டுவான். சில்லு எதையும் பெயர்த்து எடுக்காதீர்கள். பக்கத்தில் கடை இருக்கும் என்று நம்பாதீர்கள், தண்ணீர் கொண்டுபோங்கள்.