கல்விக் காலமும் ஒரு நியமமே

வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் உழுதொழில் செய்து வாழ்ந்த நம் குடும்பங்களில், பகற்கல்லூரியில் அமர்ந்து பயிலும் வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டியதில்லை. பகலில் பணி, மாலையில் கல்வி என்னும் வழியே பலருக்கு வாய்த்தது. மாலைக் கல்லூரிகளும், 1981ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியும், 2002ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அவ்வழியை அகலமாக்கின. இன்று பாடங்கள் கைப்பேசியிலேயே வந்து சேர்கின்றன. ஆயினும், உழைத்துக் களைத்த உடலோடு நூலைத் திறக்கும் துன்பம் மட்டும் மாறவில்லை. அதனைக் கடக்கும் வழியை இப்பாடத்தில் ஆராய்வோம்.

எல்லையை அறிதல்

அடியேனும் இவ்வழியே பயின்றவன். சென்னையில் எழுத்தர் பணி மாலை 5.30 மணிக்கு முடியும். வகுப்பு 6 மணிக்குத் தொடங்கும். கார்த்திகைத் திங்களில் கதிரவன் ஏறத்தாழ 5.40 மணிக்கே மறைந்துவிடுவான். இரவு உண்ணாமை பேணுபவனுக்குக் கிடைப்பது பத்து மணித்துளிகளே. தமக்கையார் காலையில் கட்டித் தந்த எலுமிச்சைச் சோற்றை அலுவலகப் படிக்கட்டில் அமர்ந்து உண்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவேன்.

இவ்வளவும் செய்து, இரண்டாம் ஆண்டில் கணக்குப் பதிவியல் தாளில் தோற்றேன். வீட்டாரிடம் கூறவில்லை. படிப்பை விட்டுவிடத் துணிந்து நூல்களைக் கட்டி வைத்துவிட்டு ஊருக்குச் சென்றேன். என் முகம் கண்டே பெரிய தந்தையார் உண்மையை உணர்ந்துகொண்டார். “இன்னும் எத்தனை காலம் படிக்க வேண்டுமப்பா?” என்றார். “பதினான்கு மாதங்கள்” என்றேன். “அப்படியானால் இது நியமம்தானே, இயமம் அன்றே! எல்லை உள்ளதற்கு ஏன் அஞ்சுகிறாய்?” என்றார்.

வாழ்நாள் முழுவதும் ஏற்பது இயமம். காலவரையறையோடு ஏற்பது நியமம் என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துள்ளார். கடினமான பருவம் நம்மை வாட்டுவது அதன் கடுமையால் மட்டுமன்று. அது முடியவே முடியாது என்னும் மயக்கத்தாலும் ஆகும். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் குறித்துக்கொண்டால் அம்மயக்கம் தெளிகிறது. அக்காலத்திற்கு மட்டும் சில பொழுதுபோக்குகளையும் பயணங்களையும் விட்டிருப்பது எளிதாகிறது.

அளவை வகுத்தல்

சாமாயிகத்திற்கு நம் முன்னோர் வகுத்த அளவு இரண்டு நாழிகை, அதாவது 48 மணித்துளிகள். மனம் ஒன்றில் நிலைத்திருப்பதற்கு இல்லறத்தாரால் இயலும் அளவு இது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பணிபுரியும் மாணவரும் நாள்தோறும் இரண்டு நாழிகையைத் தவறாது ஒதுக்கலாம். விடுமுறை நாளில் எட்டு மணி நேரம் படித்துவிட்டு, மறு வாரம் முழுதும் நூலைத் தொடாதிருப்பதினும் இது மேலானது.

முறையை அறிதல்

உள்தவம் ஆறனுள் ஒன்றாகிய சுவாத்தியாயத்தை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஐந்தாகப் பகுக்கிறார். வாசனை என்பது நூலை ஓதுதல். பிருச்சனை என்பது ஐயம் வினவுதல். அனுப்பிரேட்சை என்பது பொருளை எண்ணிப் பார்த்தல். ஆம்நாயம் என்பது பிழையின்றித் திரும்ப ஓதுதல். தர்மோபதேசம் என்பது பிறர்க்கு எடுத்துரைத்தல். இது ஆகமக் கல்விக்குக் கூறப்பட்டதே. எனினும் அதன் ஒழுங்கு எக்கல்விக்கும் துணை செய்யும். நான் ஓதுவதோடு நின்றிருந்தேன், வினவ நாணினேன். தோற்ற தாளை மீண்டும் படித்தபோது, அலுவலகத்தில் கணக்கெழுதிய முதியவரிடம் நாள்தோறும் ஓர் ஐயம் கேட்டேன். கேட்டதை இரவில் தமக்கையாருக்கு விளக்கிக் கூறினேன். மறுமுறை எழுதித் தேறினேன். மதிப்பெண் பெரிதன்று, தேர்ச்சியே பெரிது.

இரு இடர்கள்

முனிவர் பொறுத்து வெல்ல வேண்டிய பரீஷஹங்கள் இருபத்திரண்டு. பசியும் வெயிலும் குளிரும் இடம்பெறும் அவ்வரிசையில் பிரஜ்ஞை, அஜ்ஞானம் என்னும் இரண்டும் உள்ளன. கற்றோம் என்னும் செருக்கு முன்னது. முயன்றும் அறிவு வரவில்லையே என்னும் ஏக்கம் பின்னது. கல்லாமையால் வரும் மனவாட்டத்தையும் பசியோடு ஒக்க எண்ணி, பொறுத்து வெல்லத்தக்கதாக வைத்தமை நோக்கத்தக்கது. ஆகவே, தோல்வியுற்ற மாணவர் தம்மைத் தாழ்ந்தவராகக் கருத வேண்டுவதில்லை. வெற்றி பெற்றவரும் செருக்கடையலாகாது.

குடும்பத்தார் கடமை

இந்நியமம் மாணவர் ஒருவருடையது மட்டுமன்று. கதிரவன் மறையுமுன் உண்ண வழிசெய்தலும், அவ்விரண்டு நாழிகை வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைத் தவிர்த்தலும் இல்லத்தார் கடன். “மதிப்பெண் எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன் “உண்டாயா, உறங்கினாயா?” என்று கேளுங்கள். உடல் நலிந்தால் ஒரு தாளை அடுத்த பருவத்திற்குத் தள்ளிவைக்கலாம். அது நியமத்தின் எல்லையை நீட்டுவதேயன்றி முறிப்பதாகாது.

அன்று கட்டி வைத்த நூல்களை நான் மீண்டும் அவிழ்த்தது ஒரு பெரியவர் எல்லையைக் காட்டியதனால்தான். உங்கள் இல்லத்திலும் நூல்களைக் கட்டி வைக்க எண்ணும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். இன்று மாலையே அருகமர்ந்து, இன்னும் எத்தனை மாதம் என்று வினவுவோமாக.