சணப்பை அந்துப்பூச்சியின் இணைசேர்க்கையும் விதைப்பயிர்ப் பாதுகாப்பும்

சணப்பைக் கொல்லையிற் பகலில் நடந்து செல்வோரின் காலடியிலிருந்து வெண்ணிறமான சிறு பூச்சிகள் எழுந்து, சிறிது தூரம் பறந்து, மீண்டும் செடியில் அமர்வதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். முன்னிறகுகளிற் சிவப்பும் கறுப்புமான புள்ளிகள் தெளித்தாற்போல் விளங்கும் இவை வண்ணத்துப்பூச்சிகள் அல்ல. பகலிலும் பறக்கும் அந்துப்பூச்சிகளே. யூட்டிதீசா புல்கெல்லா என்பது இவற்றின் சாஸ்திரப் பெயர். இவற்றின் புழு முதலில் இலையைத் தின்று, பின்னர் காயைத் துளைத்து விதையை அழிக்கின்றது.

இவ்வினம் இச்செடிகளை விடாது பற்றி நிற்பதன் காரணம் அதன் இணைசேர்க்கை முறையால் விளங்கும். சணப்பை, கிலுகிலுப்பை முதலியவற்றில் ஆல்கலாய்டு என்னும் நச்சுப்பொருள் உண்டு. விதையில் அது மிகுதி. புழு அதனை உண்டு உடலிற் சேமிக்கின்றது. பூச்சியான பின்னும் அது நீங்குவதில்லை.

அமெரிக்காவிற் கிலுகிலுப்பையில் வாழும் இதன் உறவினம் ஒன்றைக் கார்நெல் சர்வகலாசாலையின் தாமஸ் ஐஸ்னர், ஜெரால்ட் மைன்வால்ட் முதலியோர் ஆராய்ந்தனர். அந்தி சாய்ந்ததும் பெண் பூச்சி ஒருவித மணத்தைக் காற்றில் விடுகின்றது. அதனைப் பற்றி வரும் ஆண், தன் வயிற்றின் நுனியிலுள்ள இரு மயிர்க்கற்றைகளை நீட்டிப் பெண்ணின்மேல் தடவுகின்றது. கற்றைகளின் வாசனை, புழுப்பருவத்தில் உண்ட நஞ்சிலிருந்தே உண்டாவது. நஞ்சுண்ணாத ஆணுக்கு அவ்வாசனை இல்லை. அதனைப் பெண் எளிதில் ஏற்பதில்லை. பல மணி நேரம் நீடிக்கும் சேர்க்கையின்போது, ஆண் தன் எடையிற் சுமார் 10-ல் ஒரு பங்குள்ள வித்துப்பையை நஞ்சுடன் பெண்ணுக்கு அளிக்கின்றது. தாய் தந்தை இருவரின் நஞ்சும் முட்டைகளைச் சேர்வது 1988-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. அம்முட்டைகளைப் பொறிவண்டுகள் தின்ன மறுக்கின்றன. வலையிற் சிக்கிய பூச்சியையும் சிலந்தி இழைகளை அறுத்து விட்டுவிடுகின்றது.

ஆகவே, இயற்கைப் பகைவர்களை மட்டும் நம்பி விதைப்பயிரை விட்டுவிடலாகாது. பசுந்தாள் உரத்திற்கான சணப்பையைப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிட்டால், புழுவிற்குக் காய் கிட்டாது. விதைக்காக நிறுத்திய பாகத்தை அடிக்கடி சுற்றிப் பார்த்து, காய் பிடிக்குமுன்னரே புழுக்களைக் கையாற் பொறுக்கி அழித்தல் வேண்டும். வரப்புகளில் முளைக்கும் காட்டுக் கிலுகிலுப்பையைக் காய்க்குமுன் களைவது அவசியம். ஒருவர் களைந்து அயலார் வாளாவிருப்பின் பூச்சி மீண்டும் வந்து சேரும். ஆதலின், புறம்போக்கில் உள்ளவற்றையும் ஒரே சமயத்தில் அகற்றக் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்வது ஊருக்கு நலம் பயக்கும்.