ஒரு டிஸ்க், ஒரு சர்வர்: ஐஸ்கஸி எனக்குக் கற்றுத்தந்தது

எங்கள் அலுவலகத்தில் இரண்டு லினக்ஸ் சர்வர்கள். இரண்டிலும் இடம் தீர்ந்துகொண்டே வந்தது. ஓரமாகக் கிடந்த பழைய சர்வர் ஒன்றில் 2 டிபி ஹார்ட் டிஸ்குகள் நான்கு இருந்தன. அதில் டெபியன் போட்டு, ரெய்டு 10 கட்டி, கிடைத்த 4 டிபி இடத்தை ஐஸ்கஸி வழியாக நெட்வொர்க்கில் கொடுத்தேன். ஒரே மாலையில் வேலை முடிந்தது.

மறுநாள் அந்த ஒரே டிஸ்கை இரண்டு சர்வர்களிலும் மவுன்ட் செய்தேன். அதுதான் தவறு. ஒன்றில் சேமித்த கோப்பு மற்றதில் தெரியவில்லை. இரண்டு நாளில் கோப்புகள் திறக்க மறுத்தன. எஃப்எஸ்சிகே ஓட்டியபோது பிழைகள் வரிசையாக வந்து விழுந்தன. முந்தைய இரவு எடுத்த பேக்கப் இருந்ததால்தான் தப்பித்தோம்.

ஃபோல்டர் வேறு, டிஸ்க் வேறு

என்எஃப்எஸ், சம்பா இரண்டும் ஃபோல்டரைப் பகிர்கின்றன. யார் எதை எழுதுகிறார்கள் என்பதைக் கொடுக்கும் சர்வரே கவனித்துக்கொள்ளும். ஐஸ்கஸி அப்படியல்ல. அது ஸ்கஸி கட்டளைகளை டிசிபி வழியாக அனுப்பி, வெறும் டிஸ்கை நீட்டுகிறது. அதில் இஎக்ஸ்டி4 போட்டால், மவுன்ட் செய்த ஒவ்வொரு சர்வரும் டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நம்பி, தன் நினைவகத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். இரண்டு கணக்குகளும் ஒரே டிஸ்கில் மோதினால் தரவு சிதையும். பல சர்வர்கள் சேர்ந்து எழுத வேண்டுமென்றால் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் வேண்டும். சின்ன அலுவலகத்துக்கு என்எஃப்எஸ் போதும். இப்போது எல்விஎம்மில் சர்வருக்கு ஒரு வால்யூம் பிரித்து, தனித்தனி டிஸ்காகக் கொடுத்திருக்கிறேன்.

பெயரில் கவனம்

டிஸ்கைக் கொடுக்கும் பக்கம் டார்கெட். வாங்கும் பக்கம் இனிஷியேட்டர். டார்கெட்டுக்கான எல்ஐஓ, 2011-இல் வந்த 2.6.38 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. டார்கெட்சிஎல்ஐ என்ற கருவியால் அதை அமைக்கலாம். எந்த இனிஷியேட்டருக்கு எந்த டிஸ்க் என்பதை, இனிஷியேட்டரின் அடையாளப் பெயரான ஐக்யூஎன்னை வைத்தே டார்கெட் அனுமதிக்கிறது. விர்ச்சுவல் மெஷினை க்ளோன் செய்யும்போது இந்தப் பெயரும் சேர்ந்து நகலாகிவிடும். பிறகு இரண்டு மெஷின்களும் ஒரே டிஸ்குக்குள் நுழையும். அதனால் க்ளோன் செய்ததும் முதல் வேலையாகப் புதுப் பெயர் கொடுங்கள்.

ரீபூட் செய்து பாருங்கள்

டார்கெட்சிஎல்ஐயில் வேலை முடிந்ததும் சேவ்கான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள். சேமிக்காத அமைப்பு ரீபூட்டில் போய்விடும். வாங்கும் சர்வரில், டெபியன் தானாக லாகின் செய்யாது. நோட் ஸ்டார்ட்அப் அமைப்பை ஆட்டோமேட்டிக் என்று மாற்ற வேண்டும். எஃப்ஸ்டாப் கோப்பில் டிஸ்கை எஸ்டிபி, எஸ்டிசி என்று எழுதாமல் யுயுஐடி போட்டு எழுதுங்கள். அந்த எழுத்துகள் ரீபூட்டுக்கு ரீபூட் மாறலாம். முன்னால் அடிக்கோடு கொண்ட நெட்டெவ் ஆப்ஷனையும் சேருங்கள். அது இருந்தால்தான் நெட்வொர்க் வந்த பிறகு மவுன்ட் நடக்கும்.

கரண்ட் போய் வந்தால் டார்கெட் முதலில் எழ வேண்டும். அணைக்கும்போது அது கடைசி.

கேபிளைப் பிடுங்கிச் சோதித்தேன்

பெரிய கோப்பு ஒன்றைக் காப்பி செய்யவிட்டு, நெட்வொர்க் கேபிளைக் கழற்றினேன். காப்பி அப்படியே நின்றது. ஒரு நிமிடத்தில் கேபிளைச் செருகியதும், விட்ட இடத்திலிருந்து ஓடியது. அடுத்த முறை கழற்றி வைத்துக் காத்திருந்தேன். பிழை வந்து நின்றுவிட்டது. இனிஷியேட்டர் மென்பொருளான ஓபன்ஐஸ்கஸியில் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் இயல்பாக 120 விநாடி. ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆக இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் உங்கள் டேட்டாபேஸ் அடிபடும். அந்த நேரத்தை முன்பே அளந்து வையுங்கள்.

பாதையைப் பிரியுங்கள்

ஐஸ்கஸியில் வைக்கும் சாப் கடவுச்சொல், உள்ளே வருபவர் யார் என்று மட்டுமே பார்க்கும், தரவை மறைகுறியாக்காது. ஸ்டோரேஜுக்குத் தனி விலான் ஒதுக்கி, 3260 போர்ட்டை அதற்குள் மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். எம்டியு 9000 வைப்பதானால் டார்கெட், இனிஷியேட்டர், ஸ்விட்ச் என மூன்றிலும் ஜம்போ ஃப்ரேம் இயங்க வேண்டும். துண்டாக்கக் கூடாது என்று சொல்லி, 8972 பைட் அளவில் பிங் அனுப்பிப் பாருங்கள். அது போகவில்லை என்றால் 1500-இலேயே விட்டுவிடுங்கள்.

உண்மையான தரவை ஏற்றும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். கேபிளைக் கழற்றுங்கள், சர்வரை அணையுங்கள், பேக்கப்பை மீட்டெடுத்துப் பாருங்கள். ரெய்டு இருக்கிறதே என்று பேக்கப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் தவறு நடந்த அந்த வாரத்தில் ரெய்டில் எந்தக் கோளாறும் இல்லை. தரவைத் திருப்பிக் கொடுத்தது பேக்கப்தான்.