கருவுக்குள் போகும் இலத்திரன்

மாளிகாவத்தை

அன்பு மருமகள் ஸைனபுக்கு,



ரதபோட் அல்பா துணிக்கையை ஏவித்தானே அணுக்கருவைக் கண்டுபிடித்தார், பிறகு ஏன் இலத்திரனுக்கு மாறினார்கள் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி மகள். அல்பாவும் புரோத்தன், நியூத்திரன்களால் ஆனதுதான். கருவைத் தொட்டதும், கருத் துணிக்கைகளைப் பிணைக்கும் வன்விசை அதையும் பிடித்துக்கொள்ளும். சிதறி வருவதில் எது கருவின் குணம், எது அல்பாவின் குணம் என்று பிரிப்பது பெரும்பாடு. இலத்திரனை வன்விசை தீண்டாது. இங்கே பெரும்பாலும் மின்காந்த விசைதான். அதை நுணுக்கமாகக் கணிக்க நமக்குத் தெரியும்.

தொடர்மாடிக்குக் கீழே கெரம் விளையாடுகிறீர்களே, ஸ்ட்ரைக்கரின் நிறையும் சுண்டிய வேகமும் தெரிந்தால், அது திரும்பும் விதத்தை வைத்தே காயைப் பற்றிச் சொல்லிவிடலாம். இலத்திரனை அப்படித் தெரிந்துகொள்ள உழைத்தவர்களில் நம்மவர் ஒருவரும் உண்டு. கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் படித்து, பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த சி. ஜே. எலியேசர். ஆர்முடுகும் இலத்திரன் தான் வெளிவிடும் கதிர்ப்பாலேயே எப்படித் தடைப்படுகிறது என்பதை 1940களில் ஆராய்ந்தார். அவர் பெயர் உங்கள் வகுப்பில் ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கருவின் உள்ளே பார்க்க இலத்திரனின் அலைநீளம் மிகச் சிறிதாக இருக்க வேண்டும். 1 கிகா இலத்திரன்வோல்ற்று சத்தியுள்ள இலத்திரனின் அலைநீளம் ஏறக்குறைய 1.2 பெம்ரோமீற்றர். பிளாங்கின் மாறிலியை உந்தத்தால் பிரித்து நீயே பார். 1950களில் ஸ்டான்போர்டில் ஹொப்ஸ்டட்டர் இலத்திரன்களை மோதவிட்டு, புரோத்தன் ஒரு புள்ளியல்ல, அதற்கும் பருமன் உண்டு என்று காட்டினார். 1961இல் நோபல் பரிசு. இன்று அதன் ஆரையை 0.84 பெம்ரோமீற்றர் என்கிறோம்.

எனக்கு அதிகம் பிடித்தது இனித்தான். ஐதரசனில் மோதி ஒரே கோணத்தில் சிதறும் இலத்திரன்களின் சத்தியை வரைந்தால் கூரிய முனை ஒன்று வரும். காபனில் அந்த முனை அகன்ற மேடாகிவிடும். உள்ளே புரோத்தன்கள் சும்மா கிடப்பதில்லை. ஒளியின் வேகத்தில் கால் பங்கு வரை ஓடித்திரிகின்றன. மேட்டின் அகலத்தைப் பார்த்தே அந்த ஓட்டத்தை அளக்கலாம்.

அதைவிட வேகமாக ஓடுபவையும் சில உண்டு. அமெரிக்காவின் ஜெபர்சன் ஆய்வுகூடத்தில் காபனிலிருந்து அப்படியொரு புரோத்தனை இலத்திரன் தட்டி வெளியேற்றியபோது, சோடித் துணிக்கை ஒன்று எதிர்ப்பக்கமாகப் பாய்ந்து வந்தது. 2008இல் வெளியான முடிவு இது: காபன் கருவின் துணிக்கைகளில் ஐந்தில் ஒரு பங்கு இப்படி நெருங்கிய சோடிகளாக இருக்கின்றன, அந்தச் சோடிகளில் சுமார் 90 வீதம் புரோத்தனும் நியூத்திரனும் சேர்ந்தவை. இரண்டு புரோத்தன்கள் சோடி சேர்வது மிக அரிது. சுழற்சியின் திசையைப் பொறுத்து மாறும் தென்சர் விசைதான் காரணம் என்கிறார்கள்.

இலத்திரனின் கனத்த உறவான மியூயனைக் கொண்டு, சேர்ன் ஆய்வாளர்கள் 1983இல் இன்னொன்றைக் காட்டினார்கள். இரும்புக் கருவுக்குள் இருக்கும் புரோத்தன், நியூத்திரன்களில், அவற்றை ஆக்கும் குவார்க்குகள் பரவியிருக்கும் விதமே மாறிவிடுகிறது. ஏன் என்று இன்றும் வாதம் நடக்கிறது. அந்தச் சோடிகளே காரணம் என்போர் ஒரு பக்கம், கரு முழுவதும் எல்லாத் துணிக்கைகளும் சற்று மாறுகின்றன என்போர் மறுபக்கம்.

பரீட்சைக்கு உந்தக் காப்பை நன்றாகப் படி மகள். ஜெபர்சனில் இலத்திரன், புரோத்தன், பாய்ந்து வந்த சோடித் துணிக்கை மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டியது அந்த விதிதான்.

அன்புடன்,
மாமா