உள்ளே நழுவியது, உள்ளே உடைந்தது: எந்த வழியில் எடுப்பது?

உடலுக்குள் வைத்த கருவி நழுவினாலோ உடைந்தாலோ, மருத்துவமனையில் முதலில் காதில் விழுவது "கத்தி இல்லாம எடுத்துடலாம்" என்ற ஆறுதல்தான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் கத்தி இல்லாத வழி ஒன்றல்ல. ரத்தக்குழாய் வழியாக எடுக்கலாம், சிறுநீர்ப் பாதை வழியாக எடுக்கலாம், கருப்பை வாய் வழியாக எடுக்கலாம், வயிற்றில் சிறு துளை போட்டும் எடுக்கலாம். எடுக்காமல் விட்டுவிடுவதும் சில சமயம் சரியான முடிவுதான். துளை எவ்வளவு சிறியது என்பதை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தவறு. பொருள் எங்கே கிடக்கிறது, உடம்பு அதை எவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது என்ற இரண்டும்தான் வழியைச் சொல்லும். இரண்டாவது, நாள் ஆக ஆக மாறிக்கொண்டே போகும்.

எளிதானதிலிருந்து தொடங்கலாம். புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கும் கீமோ போர்ட்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய், இதயத்தை ஒட்டிய பெரிய சிரை வரை போகும். காறை எலும்புக்கு அடியில் ஓடும் சிரை வழியாக அதை நுழைத்திருந்தால், அந்த எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நசுங்கி நசுங்கி ஒருநாள் அறுந்துபோகலாம். அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. கையைத் தூக்கினால்தான் மருந்து இறங்குகிறது, மருந்து ஏற்றும்போது தோள் பக்கம் வலிக்கிறது அல்லது வீங்குகிறது என்றால் அன்றே எக்ஸ்ரே கேளுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் துண்டு தென்படுவதும் உண்டு.

அறுந்த துண்டு ரத்தத்தோடு போய் இதயத்தின் வலப்பக்க அறையிலோ நுரையீரல் தமனியிலோ நின்றுவிடும். கேட்கவே பயமாக இருந்தாலும், இதை எடுப்பது பெரும்பாலும் சிக்கலில்லாத வேலை. தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, சிரைக்குள் ஒரு குழாயை ஏற்றி, கிணற்றில் விழுந்த வாளிக்குப் பாதாளக் கரண்டி விடுவதுபோல ஸ்னேர் என்ற சுருக்குக் கம்பியை உள்ளே விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே துண்டின் நுனியில் மாட்டி இழுத்துவிடுவார்கள். இதயத்துக்குள் தங்கிய உடைந்த கம்பியை மார்பைத் திறக்காமல் எடுத்ததாக 1964லேயே மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. புதிதாக அறுந்த துண்டு என்றால், தொந்தரவு இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவதே மேல். விட்டால் ரத்தம் கட்டலாம், கிருமி தொற்றலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். வருடக்கணக்காகக் கிடந்து இரண்டு நுனியும் குழாய்ச் சுவரோடு ஒட்டிப்போன துண்டு வேறு கணக்கு. சுருக்கு மாட்ட நுனியே இல்லாதபோது வலுக்கட்டாயமாக இழுப்பதைவிட, கண்காணித்துக்கொண்டு விட்டுவிடலாம் என்று மருத்துவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு.

நம் ஊரில் இதைவிடப் பல மடங்கு அதிகமாகப் பார்ப்பது டிஜே ஸ்டென்ட் தொல்லை. சிறுநீரகக் கல்லை எடுத்த பிறகு, சிறுநீர் தடையில்லாமல் இறங்குவதற்காக இரு முனையும் சுருண்ட ஒரு மெல்லிய குழாயை வைப்பார்கள். மேல் சுருள் சிறுநீரகத்தில், கீழ் சுருள் சிறுநீர்ப்பையில். 1978லிருந்து புழக்கத்தில் இருக்கும் நல்ல கருவி. வைத்ததை மறந்துவிடுவதில்தான் வம்பு. வலி போய்விட்டது, கல்லும் போய்விட்டது, டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவுக்குள் போய்விட்டது. குழாயின் மேல் உப்பு படிய ஆரம்பிக்கிறது. கல் நோயாளிகளிடமிருந்து எடுத்த ஸ்டென்ட்களைப் பரிசோதித்து 1991இல் வெளியான ஓர் ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுத்தவற்றில் 9.2 சதவீதத்திலும், 6 முதல் 12 வாரத்துக்குள் எடுத்தவற்றில் 47.5 சதவீதத்திலும், அதைத் தாண்டியவற்றில் 76.3 சதவீதத்திலும் படிவு இருந்தது. பிறகு அந்தக் குழாய் விறைத்து, தொட்டால் முறியும் நிலைக்கு வந்துவிடும்.

உரிய நாளில் போனால் வேலை சில நிமிடம்தான். வெளியே நூல் விட்டிருந்தால் இழுத்தாலே வந்துவிடும். இல்லாவிட்டால் மரத்துப்போகும் ஜெல் தடவி, சிஸ்டோஸ்கோப்பை சிறுநீர்ப்பைக்குள் விட்டு எடுப்பார்கள். குழந்தைகளைத் தவிர மற்றவர்களுக்கு இதற்கு முழு மயக்கம் வழக்கமாகத் தேவைப்படாது. தேவை என்று சொன்னால் ஏன் என்று கேட்கலாம். கீழ் சுருள் மேலேறி சிறுநீர்க் குழாய்க்குள் போய்விட்டால் கதை மாறும். அப்போது யூரெட்ரோஸ்கோப் தேவை, மயக்க மருந்தும் தேவை.

பல மாதம், பல வருடம் ஆகிவிட்ட ஸ்டென்ட் என்றால், "முதல்ல இழுத்துப் பார்ப்போம்" என்பதைப்போல ஆபத்தான யோசனை வேறில்லை. குழாய் முறியலாம், அதைவிட மோசம், சிறுநீர்க் குழாயே கிழிந்து கூட வந்துவிடலாம். முதலில் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுத்து, படிவு எங்கே, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். லேசான படிவை வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கலாம். கீழ் சுருளில் கல் கட்டியிருந்தால் சிறுநீர்ப்பைக்குள் லேசர். மேல் சுருளில் பெரிய கல் என்றால் முதுகுப் பக்கம் துளை போட்டுத்தான் போக வேண்டும். பலருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே தேவைப்படும், ஒரே தடவையில் முடியாமலும் போகலாம். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர் பார்த்து மருந்து கொடுத்த பிறகே கைவைப்பது பாதுகாப்பு. வருடக்கணக்கில் கிடந்திருந்தால், அந்தச் சிறுநீரகம் இன்னும் வேலை செய்கிறதா என்று தனி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும் அவசியம். செயலிழந்த சிறுநீரகத்துக்குள் இருக்கும் குழாயைப் பல கட்டமாகப் போராடி எடுப்பதில் அர்த்தம் குறைவு.

காப்பர்-டியில் நூல் தெரியவில்லை என்றதும் பலர் பயந்துபோகிறார்கள். நூல் உள்ளே சுருண்டிருப்பதுதான் அடிக்கடி நடப்பது, அதிலும் பிரசவம் ஆனவுடனே வைத்தவர்களுக்கு. முதலில் கர்ப்பப் பரிசோதனை, அடுத்து ஸ்கேன். கருப்பைக்குள்ளேயே இருந்தால், மாற்றும் காலம் வரை அப்படியே விடலாம். எடுத்தாக வேண்டுமென்றால் மெல்லிய இடுக்கியாலோ, ஹிஸ்டரோஸ்கோப் வழியாகப் பார்த்தோ எடுக்கலாம்.

ஸ்கேனில் காணவில்லை என்றால் தானாக விழுந்திருக்கும் என்று முடிவுகட்டிவிடாமல் வயிற்று எக்ஸ்ரே ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு அது கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருக்கும். பால் கொடுக்கும் தாய்மாருக்கு இந்த வாய்ப்பு கூடுதல். தாமிரம் சும்மா இருக்காது. சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்கிக் குடலோடும் சவ்வோடும் ஒட்ட வைக்கும். ஆகவே வலி இல்லாவிட்டாலும் லேப்ராஸ்கோப்பி மூலம் சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது. குடல் சுவருக்குள் புதைந்திருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டிவரலாம் என்பதை முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்குபவர் நல்ல மருத்துவர். சிறுநீர்ப்பைக்குள் போயிருந்தால் யூராலஜிஸ்ட்டும் கூட இருக்க வேண்டும்.

பேஸ்மேக்கர் ஒயர் உடைந்தால் தேர்வு உண்மையிலேயே கடினம். வைத்து ஒரு வருடத்துக்குள் என்றால் பெரும்பாலும் மெல்ல இழுத்தாலே வரும். அதற்கு மேல் தழும்பு வளர்ந்து சிரையோடும் இதயத்தோடும் பிணைந்துவிடும்; லேசர் உறையோ சுழலும் உறையோ கொண்டு பிரித்தெடுக்க வேண்டும், சிரை கிழியும் ஆபத்தும் உண்டு. கிருமித் தொற்று என்றால் பேச்சே இல்லை, பெட்டியோடு ஒயர் முழுவதும் வெளியே வர வேண்டும். தொற்று இல்லாத வயதானவருக்குப் பழைய ஒயரை மூடி உள்ளேயே விட்டு, பக்கத்தில் புதியதை வைப்பதே பல நேரம் புத்திசாலித்தனம். இளம் வயதினருக்கு எடுப்பதுதான் நல்லது. எங்கே எடுத்தாலும், இதய அறுவை நிபுணர் அதே கட்டடத்தில் அந்நேரம் தயாராக இருப்பாரா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கால் சிரையில் கட்டிய ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகாமல் தடுக்கும் ஐ.வி.சி. ஃபில்டருக்கும் காலக்கெடு உண்டு. கட்டி ஆபத்து நீங்கியிருந்தால், வைத்த 29 முதல் 54 நாளுக்குள் எடுப்பதில் லாபம் அதிகம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் சொன்னது. எலும்புக்குள் உடைந்து நின்ற திருகாணியோ இதற்கு நேர்மாறு: எலும்பு கூடி, வலியும் சீழும் இல்லையென்றால் அதைத் தோண்டத் தேவையில்லை.

எந்த வழியில் எடுத்தாலும், வெளியே வந்த பொருளை நீங்களோ உறவினரோ கண்ணால் பாருங்கள். முழுதாக வந்ததா, இருந்த நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கிளம்புமுன் ஒரு எக்ஸ்ரே. "முழுமையாக அகற்றப்பட்டது" என்ற வரி டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதியோடு இருக்கட்டும்.